நகராத விண்மீன்கள்

மார்ச் மாதம், அமாவாசையை ஒட்டிய ஓர் இரவு. ஜவ்வாது மலையில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூருக்குப் பக்கத்தில், நண்பரின் தோட்டத்தில் டிரைபாடை நிறுத்தினேன். லென்ஸை வடக்கே திருப்பி, 30 விநாடிக்கு ஒரு படமாக இரண்டு மணி நேரம் எடுத்தேன். அங்கிருந்து பார்த்தால் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குமேல் 12 பாகை அளவில்தான் நிற்கும். அதைச் சுற்றி விண்மீன்கள் வில் வில்லாக வரைந்துகொண்டு போகும் படம் எனக்குப் பல வருட ஆசை.

வீட்டுக்கு வந்து ஏறக்குறைய 240 படங்களையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். வில்கள் அழகாக வந்திருந்தன. ஆனால் அவற்றுக்கு நடுவே சிவப்பும் நீலமும் பச்சையுமாக, ஊசியால் குத்தியதுபோல் புள்ளிகள். இரண்டு மணி நேரத்தில் வானம் 30 பாகை சுழன்றிருக்கிறது. இவை மட்டும் இம்மியும் அசையவில்லை. அப்படியானால் இவை வானத்தில் இல்லை, என் கேமராவுக்குள் இருக்கின்றன.

முதலில் தூசு என்றே நினைத்து ஒரு மாலை முழுவதும் சென்சாரை ஊதிக்கொண்டிருந்தேன். அது வீண் வேலை. தூசு, ஓரம் மங்கிய கருநிழலாக விழும். லென்ஸ் துளையைச் சுருக்கினால்தான் துலங்கும். இவையோ ஒளிர்கின்றன. லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓவில் (ஒளியுணர்வு அளவில்) 30 விநாடி எடுத்துப் பார்த்தேன். கும்மிருட்டிலும் அதே இடங்களில் அதே புள்ளிகள். இவை ஹாட் பிக்சல்கள், அதாவது ஒளி படாமலே ஒளிரும் பழுதான பிக்சல்கள் என்பது அப்போதுதான் உறுதியானது.

சென்சாரின் ஒவ்வொரு பிக்சலிலும் ஒளியே படாவிட்டாலும் சிறிது மின்னூட்டம் கசிந்து சேர்கிறது. சிலிக்கானில் குறையுள்ள சில பிக்சல்களில் அது மிக அதிகம். வெப்பம் ஆறேழு டிகிரி கூடினால் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். தயாரிப்பிலேயே வரும் குறைகள் சில. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் ஏற்படுத்துபவை சில. ஹபிள் தொலைநோக்கியின் கேமராக்களிலேயே இந்தத் தொல்லை உண்டு. அவற்றின் சென்சார்களை மாதந்தோறும் சூடேற்றி ஆறவைத்துச் சரிசெய்கிறார்கள்.

பழுதுபார்க்கும் கடை ஒன்றில் சென்சாரையே மாற்ற வேண்டும் என்றார்கள். தயவுசெய்து யாரும் அதற்கு அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். என் கேமராவில் 2 கோடியே 40 லட்சம் பிக்சல்கள். பழுதானவை சில டஜன்கள். பல கேமராக்களின் மெனுவில் பிக்சல் மேப்பிங் என்ற வசதி இருக்கிறது. கெட்ட பிக்சல்களின் இடத்தைக் குறித்துக்கொண்டு, அவற்றின் மதிப்பைப் பக்கத்துப் பிக்சல்களிலிருந்து நிரப்பிக்கொள்ளும். மெனுவில் இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டரில் செய்து தருவார்கள். நான் மெனுவிலேயே செய்தேன். பகல் படங்களில் ஒரு புள்ளிகூட மிஞ்சவில்லை. நீண்ட எக்ஸ்போஷரில் மட்டும், சூடேறிய பின் தலைகாட்டும் இருபது முப்பது மிச்சமிருந்தன.

அவற்றை மென்பொருளின் வடிகட்டியால் அழித்துப் பார்த்தேன். புள்ளிகள் போயின, கூடவே மங்கலான விண்மீன்களும் போயின. ஒற்றைப் பிக்சல் அளவில் தெரிவது விண்மீனா பழுதா என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. என் மனம் ஒப்பவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து வந்து சேர்ந்த ஒளியை நான் எப்படி அழிப்பேன்? கேமராவின் நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பும் உதவாது. ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அதே நேரத்துக்கு ஒளி படாமல் ஓர் இருட்டுப் படம் எடுத்து, அதில் தெரியும் புள்ளிகளைக் கழிப்பதால் வில் துண்டு துண்டாகிவிடும்.

எஞ்சியது ஒரே வழி: இருட்டுப் படங்களை நானே தனியாக எடுத்துக் கழிப்பது. மறுநாள் வேலூரில், வீட்டுக்குள் 33 டிகிரியில் எடுத்தேன். புள்ளிகள் நூற்றுக்கணக்கில் வந்தன. அதைக் கழித்தபோது மலைப்படத்தில் கருந்துளிகள் விழுந்தன. வெப்பம் பொருந்தவில்லை.

ஏப்ரலில் மறுபடி மலையேறினேன். கடைசிப் படம் முடிந்ததும், கேமராவை அணைக்காமல் லென்ஸ் மூடியைப் போட்டு, வியூஃபைண்டரைக் கருந்துணியால் மறைத்து, அதே ஐஎஸ்ஓவில் 30 விநாடிப் படங்கள் இருபது எடுத்தேன். குளிரில் பத்து நிமிடம் கூடுதலாக நிற்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எல்லாமே ரா கோப்புகள், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருப்பவை. ஜேபெக்கில் புள்ளி பக்கத்துப் பிக்சல்களுக்கும் பரவிவிடுவதால் கழித்தல் சரியாக வராது. இருபதின் இடைநிலை மதிப்பை எடுத்து ஒவ்வொரு படத்திலிருந்தும் கழித்தேன்.

வில்கள் இந்த முறை சுத்தமாக வந்தன. ஒற்றைப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டரும் அருந்ததியும் பிரிந்து தெரிந்தார்கள். அவர்களுக்கு நடுவே இன்னும் மங்கலாக ஒரு புள்ளி. இதுவும் பழுதோ என்று பதறி அடுத்த படத்தைத் திறந்தேன். அவர்களோடு சேர்ந்து அதுவும் நகர்ந்திருந்தது.