கலவன்

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் வயல் சேரன்மகாதேவிக்குப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். பிசானப் பருவத்துக்கு அம்பை 16 நெல் நட்டு, கதிர் வெளிவந்து நின்ற நேரம். அப்பா வெயில் ஏறுமுன்பே வயலில் இறங்கிவிட்டார், கலவன் எடுக்க.

விதைப்பண்ணை வைத்திராதவர்களுக்கு இந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். விதைக்காக விளைவிக்கும் நெல்லுக்குள் வேறு ரகம் கலந்து நின்றால் அதுதான் கலவன். பூக்கும்போதும் முற்றும்போதும் வரிசை வரிசையாக நடந்து பார்த்து, வேரோடு பிடுங்கி, வயலுக்கு வெளியே கொண்டுபோய்ப் போட வேண்டும். அப்புறம் விதைச்சான்று அலுவலர் வந்து எண்ணிப் பார்ப்பார். சான்று விதை என்றால் 0.2 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு இரண்டு வரை விடுவார்கள். ஆதார விதை என்றால் 0.05 சதவீதம்தான்.

வரப்பில் நின்றிருந்த எனக்கு வேறொரு கலவனைப் பற்றிய யோசனை. பாளையங்கோட்டையில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். விடுமுறைக்கு முந்தின வாரம் மியூவான் என்ற துகளைப் பற்றியும், அது ஒரு விதமாக உடைவதை இன்னும் தேடிக்கொண்டிருப்பதைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "எண்பது வருஷமா தேடியும் கிடைக்கலன்னா, அது இல்லன்னு விட்ற வேண்டியதுதான மிஸ்?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டது. அவசரத்தில் ஏதோ சொன்னேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மியூவான் எலக்ட்ரானைப் போலவே இருக்கும். எடை மட்டும் சுமார் 207 மடங்கு. 1936-இல் விண்கதிர்களுக்குள் ஆண்டர்சனும் நெடர்மேயரும் கண்டுபிடித்தார்கள். விண்ணிலிருந்து வரும் கதிர்கள் மேலே காற்றில் மோதும்போது பிறந்து, நம் தலைமேல் ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10,000 என்று வைத்தால், எங்கள் ஒரு ஏக்கர் வயலில் நிமிடத்துக்கு 4 கோடி மியூவான் விழுகிறது. அப்பா குனிந்து நிமிரும் நேரத்துக்குள் அவர் உடம்பு வழியாகவே நூற்றுக்கணக்கில் போயிருக்கும்.

நிற்கும் மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ வினாடி. உடையும்போது ஓர் எலக்ட்ரானும், மின்னூட்டமே இல்லாத மிக லேசான துகள்களான நியூட்ரினோக்கள் இரண்டும் வரும். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. எலக்ட்ரான், மியூவான், டௌ என்று இந்தக் குடும்பத்தில் மூன்று ரகம். ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய நியூட்ரினோ. மியூவான் எலக்ட்ரானாக மாறினாலும், அதன் மியூவான் ரகத்தை ஒரு நியூட்ரினோ கையில் வாங்கிக்கொண்டு போய்விடும். புதிதாக வந்த எலக்ட்ரான் ரகத்தை இன்னொன்று, அதாவது எதிர்-நியூட்ரினோ, சரிக்கட்டிவிடும். வரவும் செலவும் ஒத்துப்போகும். நியூட்ரினோவே இல்லாமல், மியூவான் வெறும் எலக்ட்ரானாகவும் ஒரு காமா கதிராகவும் உடைந்தால் கணக்கு உதைக்கும். அதுதான் இயற்பியலாளர்கள் தேடும் கலவன்.

முதலில் தேடியவர்கள் கனடாவில் ஹிங்க்ஸும் போன்டெகோர்வோவும், 1947-இல். அவர்களிடம் பெரிய எந்திரம் எதுவும் கிடையாது. என் அப்பாவின் மேல் விழும் அதே விண்கதிர் மியூவான்களை வைத்துத்தான் பார்த்தார்கள். அது கிடைக்கவில்லை. பத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று மட்டும் சொல்ல முடிந்தது. பிறகு துகள்களை வேகமேற்றும் முடுக்கிகள் வந்தன, எல்லை இறங்கிக்கொண்டே போனது, அப்போதும் இல்லை. அந்தக் காலத்தில் நியூட்ரினோ ஒரே ரகம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் மியூவான் உடையும்போது வரும் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, எலக்ட்ரானும் காமா கதிரும் மட்டும் மிஞ்சுவது எப்போதாவது நடந்தே ஆக வேண்டும். 1958-இல் ஃபெயின்பெர்க் போட்ட கணக்கும் அதைத்தான் காட்டியது. ஆனால் நடக்கவில்லை. சரி, அப்படியென்றால் இரண்டும் வேறு வேறு ரகம்தானே? 1962-இல் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் லெடர்மன், ஷ்வார்ட்ஸ், ஸ்டைன்பெர்கர் மூவரும் நியூட்ரினோவில் இரண்டு ரகம் உண்டு என்று நிரூபித்தார்கள். 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. வெறுங்கையோடு திரும்பிய தேடல்தான் அந்தக் கதவைத் திறந்தது. அந்த மாணவிக்கு நான் வகுப்பில் முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதை.

கதை அதோடு நிற்கவில்லை. 1998-இல் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே நியூட்ரினோ ஆய்வகம், நியூட்ரினோக்கள் போகிற வழியிலேயே ரகம் மாறுகின்றன என்று காட்டியது. அப்படியென்றால் ரகக் கணக்கு எப்போதும் உடையாது என்று சொல்ல முடியாது. நியூட்ரினோ மாறுவதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், மியூவான் காமா கதிரோடு எலக்ட்ரானாவது 1-க்குப் பின்னால் 54 பூஜ்யம் போட்ட எண்ணிக்கையில் ஒரு தடவை நடக்கும். எந்தக் காலத்திலும் கண்ணில் படாது. ஆகவே ஒன்றே ஒன்று உறுதியாகச் சிக்கினாலும் போதும், இதுவரை யாரும் அறியாத ஏதோ ஒரு கனமான துகள் அதற்குள் வந்து கைவைத்திருக்கிறது என்று அர்த்தம். எந்த முடுக்கியாலும் நேரடியாக உண்டாக்க முடியாத அளவு கனமாக இருந்தால்கூட அதன் சுவடு இங்கே தெரியும். எனக்கு இந்தத் தேடலின் மேல் இவ்வளவு பிரியம் வந்ததே இதனால்தான்.

இப்போது இதில் முன்னால் நிற்பது சுவிட்சர்லாந்தில் பால் ஷெரர் ஆய்வகத்தின் மெக் 2 சோதனை. எங்கள் வயலில் ஒரு நிமிடத்தில் விழும் அளவு மியூவான்களை, அதாவது சில கோடிகளை, அவர்கள் ஒவ்வொரு வினாடியும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் நிறுத்துகிறார்கள். எல்லாம் நேர்மின் மியூவான்கள். எதிர்மின் என்றால் அணுக்கரு இழுத்துக்கொள்ளும். நேர்மின் என்பதால், உடையும்போது எலக்ட்ரானுக்குப் பதில் அதன் நேர்மின் இரட்டையான பாசிட்ரான் வரும். அதன் பாதையைக் காந்தப்புலம் வளைத்துக் காட்டும். காமா கதிரைப் பிடிக்க ஒரு பக்கம் சுமார் 900 லிட்டர் திரவ செனான், பூஜ்யத்துக்குக் கீழே நூறு டிகிரிக்கும் மேல் குளிரில். கதிர் விழுந்தால் செனான் ஒளிரும். அந்த ஒளி புறஊதா, கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்க்கும் உணரிகள் மியூவான் கற்றை ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திறன் குறைந்துபோக, வருடா வருடம் அவற்றைச் சூடேற்றி மீட்கிறார்கள்.

கஷ்டம் எங்கே என்றால், போலிகள். ஒரு மியூவானின் பாசிட்ரானும் இன்னொரு மியூவானின் காமா கதிரும் ஒரே நேரத்தில் வந்தால், பார்க்க அசல் போலவே இருக்கும்.

போலி என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். எம்.எஸ்ஸி. படிக்கும்போது கோடைப் பயிற்சிக்கு ஓர் ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். துகள் பட்டால் ஒளிரும் ஒளிர்வுப் பலகையை, வெளி வெளிச்சம் புகாதபடி கறுப்பு டேப் சுற்றி மூடி, மியூவானின் ஆயுளை அளக்கச் சொன்னார்கள். மூன்று நாள் எண்ணிக்கை எக்கச்சக்கமாக வந்தது. சந்தோஷமாகப் படம் வரைந்து கொண்டுபோனேன். அங்கிருந்த ஒரு மூத்த ஆராய்ச்சியாளர் பலகையின் மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு அறை விளக்கை அணைத்தார். எண்ணிக்கை சட்டென்று விழுந்தது. டேப்பில் நகக்கண் அளவு இடைவெளி! நான் மூன்று நாளாக எண்ணியது டியூப் லைட்டை. அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் முழுக்கப் பிரித்து மறுபடி சுற்றினேன். நாலாவது நாள் 2.1 மைக்ரோ வினாடி வந்தது. அந்த எண்ணை இன்றும் என் பழைய நோட்டில் வைத்திருக்கிறேன்.

வயலில் அப்பா ஓர் உயரமான குத்தைக் கடந்து போனார். "அது கலவன் இல்லையாப்பா?" என்றேன்.

"ஒசரமா நிக்கதெல்லாம் கலவன் இல்லளா. வரப்போரம் உரம் கூட விழுந்தா நம்ம ரகமே ஒசந்து நிக்கும். கதிர் வந்த நாளப் பாக்கணும், நெல்லு குண்டான்னு பாக்கணும், தாள் நெறத்தப் பாக்கணும். எல்லாம் சேந்து சொல்லணும்."

மெக் 2 செய்வதும் இதேதான். பாசிட்ரானின் ஆற்றல் 52.8 மெவ் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். காமா கதிரின் ஆற்றலும் அதே 52.8. இரண்டும் நேர் எதிர் திசையில் போயிருக்க வேண்டும். ஒரே கணத்தில் பிறந்திருக்க வேண்டும்; அந்தக் கணத்தை நானோ வினாடியில் பத்தில் ஒரு பங்கைவிடத் துல்லியமாக அளக்கிறார்கள். ஒன்றில் பிசகினாலும் தள்ளுபடி. இன்னொன்றும் செய்கிறார்கள். அசல் நிகழ்வு இருக்கக்கூடிய பகுதியின் தரவை மூடி வைத்துவிட்டு, சுற்றியுள்ளதை வைத்தே எல்லா விதிகளையும் முடிவு செய்கிறார்கள். அதற்குப் பிறகுதான் திறந்து பார்ப்பார்கள். ஆசை கண்ணை மறைத்துவிடக்கூடாது என்பதற்காக. அந்த நேர்மைக்கு நான் தலை வணங்குகிறேன்.

2025-இல் வந்த அவர்கள் முடிவு: 90 சதவீத உறுதியோடு, 10 லட்சம் கோடி மியூவானில் ஒன்றரைக்கும் குறைவு. அப்பாவுக்குப் புரிகிற மாதிரி இதை நெல்லில் மாற்றிப் பார்த்தேன். பள்ளித் தராசில் எங்கள் அம்பை 16 ஆயிரம் மணியை எண்ணிப் போட்டபோது 24 கிராம் இருந்தது. 10 லட்சம் கோடியில் ஒன்றரை என்றால் ஏறத்தாழ 6.7 லட்சம் கோடிக்கு ஒன்று. அத்தனை மணியும் சேர்ந்தால் 1,60,000 டன் நெல். பத்து டன் லாரி 16,000. அத்தனையையும் கொட்டிப் பார்த்தாலும் ஒரு கலவன் மணி தேறுவது சந்தேகம். 2026 வரை தரவு எடுத்து இன்னும் கீழே போகத் திட்டம். அதே ஆய்வகத்தில் மியூ3இ, அமெரிக்காவில் ஃபெர்மி ஆய்வகத்தின் மியூ2இ, ஜப்பானில் தொகாயில் காமெட் என்று வேறு வழிகளில் தேட இறங்கியிருப்பவர்களும் இருக்கிறார்கள். கடைசி இரண்டும் அலுமினியத்தில் மியூவானை நிறுத்தி, நியூட்ரினோ இல்லாமல் தனியாக வெளிவரும் எலக்ட்ரானுக்காகக் காத்திருப்பவை.

அப்பாவிடம் லாரிக் கணக்கைச் சொன்னேன். கையிலிருந்த கலவனை வரப்பில் போட்டுவிட்டு நின்றார்.

"அவ்வளவுலயும் ஒண்ணு இல்லையா?"

"இதுவரைக்கும் இல்லப்பா."

"அப்புறம் எதுக்குத் தேடுதாவ?"

"இவ்வளவு சுத்தமா இருக்கணும்னு எந்த விதியும் கட்டாயப்படுத்தலப்பா. இருந்தும் இருக்கு. அதான் ஏன்னு தெரியணும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "கலவனே இல்லாத வயல்னா யாரோ எடுத்திருக்கணும்லா" என்றார். அப்புறம் சூரியனைப் பார்த்துவிட்டு, இன்னும் நாலு வரிசை கிடக்கிறது என்று மறுபடி இறங்கினார். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்து வரிசையில் இறங்கினேன்.

பள்ளி திறந்ததும் அந்த மாணவியிடம் ஒரு கைப்பிடி நெல்லும் தராசும் கொடுத்து, லாரிக் கணக்கை அவளையே போடச் சொல்லப்போகிறேன்.