தலையில் மரக்கால் வைத்த சாமி

நேற்று ராத்திரி தூக்கம் வராமல், பழைய எகிப்தில் கும்பிட்ட செராபிஸ் என்ற சாமியின் சிலைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுருள் தாடி, நெற்றியில் விழும் முடி, அசல் ஜீயஸ் (கிரேக்கர்களின் தலைமைத் தெய்வம்) முகம். தலையில் மட்டும் கிரீடத்துக்குப் பதில் தானியம் அளக்கும் பாத்திரம்! நம்மூர் மரக்காலைத் தூக்கி வைத்த மாதிரி. பக்கத்தில் மூன்று தலை நாய் கெர்பெரஸ்.

முகம்தான் கிரேக்கம், பூர்வீகம் எகிப்து. மெம்பிஸ் என்ற எகிப்திய நகரத்தில் ஏபிஸ் என்ற காளையைத் தெய்வமாக வைத்துக் கும்பிட்டார்கள். அது செத்ததும் இறந்தோர் உலகத்து தெய்வமான ஒசிரிஸோடு ஒன்றாகிவிடும் என்பது நம்பிக்கை. அந்த ஒசிரிஸ்-ஏபிஸ்தான் கிரேக்கர் வாயில் செராபிஸ் ஆனது.

இதற்குக் கிரேக்க உருவம் வந்தது எப்படி? எகிப்தை ஆண்ட கிரேக்க அரசர் முதலாம் தாலமியின் கனவில் ஒரு பிரம்மாண்டச் சிலை வந்து, "என்னை அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டுபோ" என்றதாம். கருங்கடல் ஓரத்து சினோப்பிலிருந்து கொண்டுவந்தார்களாம். பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்லும் கதை இது. கனவு வந்ததோ இல்லையோ, தாலமி கெட்டிக்காரர்; இரண்டு பக்கத்தாரும் கும்பிட ஒரே சாமி. கிரேக்கராக இருந்துகொண்டு எகிப்தை ஆள வேண்டுமே!

அப்புறம் மூன்றாம் தாலமி அலெக்சாந்திரியாவில் செராபிஸுக்குப் பெரிய கோயில் கட்டினார். அஸ்திவாரத்தில் புதைத்த தகடுகளில் கிரேக்கம், எகிப்திய சித்திர எழுத்து இரண்டிலும் சாமியின் பெயர் பொறித்திருக்கிறார்கள்.

கிபி 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிறிஸ்தவர்கள் கோயிலை இடித்தார்கள். சிலையில் கை வைத்தால் பூமி அதிரும் என்று எல்லோருக்கும் பயம். கோடாலியால் தலையை வெட்டியதும் உள்ளேயிருந்து எலிகள் ஓடின என்று எழுதுகிறார் திருச்சபை வரலாற்றாசிரியர் தியோடரெட். ஜெயித்த கட்சிக்காரர் சொல்வது, கொஞ்சம் உப்புப் போட்டிருப்பார். ஆனாலும் தலையில் மரக்கால் இருந்தால் எலி வராமல் என்ன செய்யும்?