ஆயா பேரைப் பிள்ளைக்கு வைப்பது: சண்டையிலிருந்து சான்றிதழ் வரை

வடசென்னையில் தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, காசிமேடு பக்கம் பிள்ளை பிறந்ததும் வீட்டில் கிளம்பும் முதல் சண்டை பெயர்ச் சண்டைதான். ஒருத்தர் ஆயா பேரையோ தாத்தா பேரையோ வைத்தே ஆக வேண்டும் என்பார். இன்னொருத்தர் "ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்க, புள்ள அழுதுகினு வரும்" என்பார். கன்னியம்மா, எத்திராஜ், துலுக்காணம், தனபாக்கியம், முனுசாமி, வடிவு என்று இந்தப் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு இருந்த பெயர்கள்தான் நடுவில் மாட்டிக்கொள்ளும். இதைக் கடந்து வந்தவர்கள் என்ற முறையில், எது நடக்கும், எது எங்கே சிக்கும் என்பதை மட்டும் எழுதுகிறோம்.

முதல் வேலை, ஆஸ்பத்திரியில் பெயரை எழுதாமல் இருப்பது. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். ஆஸ்பத்திரிப் பிரசவம் என்றால் அவர்களே தகவலை அனுப்பிவிடுவார்கள். அந்தப் பதிவுக்குப் பிள்ளையின் பெயர் கட்டாயம் இல்லை. அந்த இடம் காலியாகவே சான்றிதழ் வரும். பிறகு 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகும் 15 ஆண்டு வரை, 200 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை ஏறிய பெயரை வேறு பெயராக மாற்ற முடியாது என்பதுதான் விதி. எழுத்துப்பிழையை ஆதாரம் காட்டித் திருத்தலாம். 'வடிவு'வை 'தன்யா' ஆக்க முடியாது. டிஸ்சார்ஜ் அன்று பாரத்தை நீட்டும்போது பக்கத்தில் நிற்கிற யாரோ ஒருத்தர் அவசரத்தில் சொல்கிற பெயர் அப்படியே நிலைத்துவிடும் ஆபத்து இதனால்தான். சண்டை தீராதவரை அந்தக் கட்டம் காலியாக இருக்கட்டும்.

அதற்காக வருஷம் முழுக்க இழுக்கவும் கூடாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். தொட்டில் போடுகிற நாளுக்குள் முடிவாகவில்லை என்றால் காது குத்தைக் கடைசிக் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். உறவு மொத்தமும் கூடுகிற நாளில் பிள்ளையைப் 'பாப்பா' என்று மட்டும் சொல்லிச் சமாளிக்க முடியாது.

இனி சண்டைக்கு வருவோம். "அந்தப் பேரு வேணாம்" என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கும்: ஓசை பிடிக்கவில்லை, பொருள் பிடிக்கவில்லை, அல்லது அந்த ஆளையே பிடிக்கவில்லை. எது என்று தெரியாமல் மாற்றுப் பெயர்ப் பட்டியல் போடுவது வெட்டி வேலை.

ஓசைதான் பிரச்சினை என்றால் சுலபம். பழைய பெயரைப் பழசாகக் காட்டுவது பெரும்பாலும் அதன் வால்தான்: அம்மாள், சாமி, அப்பன், ஆயி. வாலையோ, சில பெயருக்குத் தலையையோ நறுக்கினால் வடிவுடையம்மாள் 'வடிவு' ஆவாள், ரங்கநாயகி 'நாயகி' ஆவாள், முத்துக்குமாரசாமி 'முத்துக்குமரன்' ஆவான், அமிர்தம்மாள் 'அமுதா' வரைக்கும் வரலாம். எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. நறுக்கிய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அந்த ஆயா திரும்பிப் பார்க்க வேண்டும். 'பாக்கியம்' என்றால் தனபாக்கியம் ஆயா திரும்புவார். 'தன்யா' என்றால் திரும்ப மாட்டார். திரும்பாத பெயரை வைத்துவிட்டு "உங்க பேருதான் வச்சிருக்கோம்" என்று சொன்னால் அதைவிடப் பெரிய மனஸ்தாபம் கிடையாது.

பொருள் என்றால் கொஞ்சம் பேச வேண்டியிருக்கும். குப்பன், குப்பம்மா, பிச்சை போன்ற பெயர்கள் யாரும் கேவலப்படுத்த வைத்தவை அல்ல. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்ததாவது பிழைக்கட்டும் என்று குப்பையில் போட்டு எடுத்தோ, தவிட்டுக்கு விற்று வாங்கியோ வைத்த பெயர்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் சிலர் வேண்டாம் என்பார்கள், நியாயம்தான். அந்தப் பெயரைக் கூப்பிடும் பெயராக வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், பதிவேட்டுக்கு வேண்டாம்.

ஆளைப் பிடிக்கவில்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மாமியார் பேரை நாள் முழுக்கக் கூப்பிட வேண்டுமே என்று மருமகளுக்கும், மாமனார் பேரைச் சொல்லி எப்படிப் பிள்ளையைத் திட்டுவது என்று மாப்பிள்ளைக்கும் சங்கடம். "ஏய் எத்திராஜ், உக்காரு" என்று நாலு வயசுப் பையனை அதட்டும்போது கூடத்தில் உட்கார்ந்திருக்கிற பெரியவருக்கு எப்படி இருக்கும்? இதற்கு இரண்டு வழி. ஒன்று, ஒரு தலைமுறை மேலே போவது. கொள்ளுப்பாட்டி மேல் யாருக்கும் கோபம் இருக்காது. வீட்டுப் பழைய பத்திரத்தில் தேடினால் பெயர் கிடைக்கும். இன்னொன்று, ஆளை விட்டுவிட்டு ஊருக்குப் போவது. திருவொற்றியூரை எடுத்தாலே வடிவுடையம்மன் இருக்கிறாள், தியாகராஜர் இருக்கிறார், சுந்தரர் மணந்த சங்கிலியார் இருக்கிறார், அந்த ஊர்க்காரரான கலிய நாயனார் இருக்கிறார். வள்ளலார் அந்த அம்மன் மேல் பாடியது வடிவுடை மாணிக்க மாலை. அதிலிருந்து மாணிக்கம், மாணிக்கவல்லி என்று இரண்டு பக்கமும் போகலாம். ஊர்ப் பெயருக்கு மாமியார் வீடு, அம்மா வீடு என்ற பேதம் இல்லை.

பழசும் புதுசும் சேர்த்து ஒட்டுவதுதான் பலர் செய்கிற சமரசம். அதில் ஒன்றைக் கவனியுங்கள்: முன்பாதிதான் பிழைக்கும், பின்பாதி சீக்கிரம் உதிர்ந்துவிடும். 'நிலாவடிவு' என்று வைத்தால் தெருவே 'நிலா' என்றுதான் கூப்பிடும். பழைய பெயர் நிற்க வேண்டும் என்பவர் அதை முன்னால் கேட்டு வாங்க வேண்டும். ஒட்டுவதை ஒரே சொல்லாக எழுதுங்கள். இடைவெளி விட்டால் பாரங்களில் பின்பாதி போய் 'கடைசிப் பெயர்' கட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயராக எழுதும்போது அது பெரிய தலைவலி.

நட்சத்திர எழுத்து பார்க்கிற வீட்டில் 27 நட்சத்திரத்துக்கும் நாலு நாலு பாதமாக 108 எழுத்து. ரோகிணிக்கு ஒ, வ, வி, வு. வடிவு கச்சிதமாக விழும். உத்திரம் முதல் இரண்டு பாதத்துக்கு டே, டோ. அந்த எழுத்தில் பழைய தமிழ்ப் பெயர் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பெயர் வைக்கிற அன்று காதில் மூன்று முறை சொல்கிற பெயருக்கு அந்த எழுத்தை வைத்துக்கொண்டு, பதிவேட்டுக்கு ஒப்புக்கொண்ட பெயரை எழுதலாம். ராயபுரம் பக்கக் கிறிஸ்தவ வீடுகளில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று என்று காலங்காலமாக இருப்பதும் இதே மாதிரிதான். காதில் முதலில் சொல்கிற உரிமையைச் சண்டையில் விட்டுக்கொடுத்த தரப்பு அத்தைக்குக் கொடுங்கள். பாதி கசப்பு அங்கேயே கரைந்துவிடும்.

எண்கணிதம் பார்ப்பதென்றால் பதிவுக்கு முன்பே பாருங்கள். சான்றிதழ் வந்த பிறகு நடுவில் ஒரு 'ஏ', கடைசியில் ஒரு 'எச்' சேர்க்கச் சொல்வார்கள். பிறகு ஆதாரில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று ஆகிவிடும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும்.

ஆங்கில எழுத்துதான் பழைய பெயர்களின் உண்மையான கண்டம். தனபாக்கியத்துக்கு முதலில் 'டி'யா, 'டி-எச்'சா, 'டி' என்றால் எந்த 'டி'? நடுவில் 'கே' ஒன்றா, இரண்டா, இல்லை 'ஜி'யா? பெரிய எழுத்தில் தாளில் எழுதி, தமிழ் படிக்கத் தெரியாத ஒருத்தரிடம், சவுகார்பேட்டை வடநாட்டுக் கடைக்காரராக இருந்தாலும் சரி, கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் வாயில் கிட்டத்தட்ட சரியாக வந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். இனிஷியலையும் அப்போதே முடிவு செய்யுங்கள்: சங்கர், சந்திரன் இரண்டுக்கும் தமிழில் 'ச'தான், ஆங்கிலத்தில் ஒன்று 'எஸ்', இன்னொன்று 'சி'. அம்மா இனிஷியலும் சேர்க்கலாம்; பெயர்ச் சண்டையில் அது ஒரு நல்ல பேரம்.

பெயர் சேர்க்கப் போக வேண்டியது வீடு இருக்கிற இடத்து அலுவலகத்துக்கு அல்ல, பிரசவம் நடந்த இடத்தின் பதிவாளரிடம். வீடு மணலியில், பிரசவம் புரசைவாக்கத்தில் என்றால் மணலி மண்டலத்தில் வரிசையில் நின்று பயனில்லை. பெயரில்லாச் சான்றிதழ், பெற்றோர் இருவரின் ஆதார் நகல், இதற்கு முன் பெயர் பதியவில்லை என்ற உறுதிமொழி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் இருக்கிற பெற்றோர் பெயரும் ஆதாரில் இருப்பதும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் முதலில் அதைத்தான் சரிசெய்யச் சொல்வார்கள்.

பெயரை வாயால் சொல்லாதீர்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய தாளைக் கொடுத்து, தட்டச்சு செய்ததைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். கன்னியம்மா 'கண்ணியம்மா' ஆவது சாதாரணமாக நடக்கும். சான்றிதழ் மாநகராட்சி இணையதளத்தில் ஏறியதும் இலவசமாகப் பதிவிறக்கி, இரண்டு மொழியிலும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஆதாருக்குப் போங்கள்.