385-லிருந்து 354 மி.மீ.: போலோவின் வீல் கேப்பைக் குறைத்த அனுபவம்

காவேரிப்பட்டினத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி கார் நிற்கும்போதெல்லாம், சக்கரத்துக்கும் அதன் மேல் வளைந்திருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளியில்தான் என் கண் போய் நிற்கும். 1.2 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் இன்ஜின், 105 குதிரைத்திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். ஓட்டினால் அவ்வளவு அருமை. நிறுத்தினால் முன்சக்கரத்துக்கு மேலே நான்கு விரல் தாராளமாக நுழையும். தரையிலிருந்து 168 மி.மீ. உயரம் என்று கம்பெனி கொடுத்தது நம் சாலைகளை நினைத்துத்தான். காரணம் புரிந்தது, மனசுதான் ஒப்பவில்லை.

முதலில் தப்பான வழியில் போனேன். பக்கத்தில் ஒரு பட்டறையில் முன் ஸ்பிரிங்குகளைக் கழற்றி, கேஸ் கட்டிங்கில் ஒவ்வொன்றிலும் ஒரு சுற்று வெட்டி மாட்டிக் கொடுத்தார்கள். அரை நாள் வேலை, செலவும் குறைவு. மூன்றாம் நாள் சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில்தான் விஷயம் தெரிந்தது. சின்ன மேடு வந்தாலும் முன்பக்கம் துள்ளி, ஸ்டியரிங் கையை விட்டு ஓடப் பார்த்தது. முன்னும் பின்னும் லாரிகள். இடது ஓரத்தைப் பிடித்து மெதுவாகவே இறங்கினேன். ஊர் திரும்பும்போது ஒரு வேகத்தடையில் 'டங்' என்று சத்தம். ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்தால், ஸ்பிரிங்கின் வெட்டிய முனை அது உட்காரும் தட்டை (ஸ்பிரிங் இருக்கையை) விட்டு விலகி நின்றது.

ஸ்பிரிங் வெட்டுவதில் என்ன தப்பு என்று அப்புறம்தான் படித்தேன். ஆறு சுற்று வேலை செய்கிற இடத்தில் ஐந்து மட்டும் இருந்தால் ஸ்பிரிங் 20 சதவீதம் கடினமாகிவிடும்; ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பரோ பழைய கடினத்துக்கு ஏற்றபடிதான் இருக்கும். கேஸ் நெருப்பின் சூட்டில் எஃகின் பதமும் கெட்டுவிடுகிறது. சக்கரம் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தளர்ந்து இருக்கையை விட்டு நழுவும். எனக்கு நடந்தது அதுதான். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

இரண்டாவது முறை அவசரப்படவில்லை. இந்த மாடலுக்கென்றே செய்த, 30 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் செட் வாங்கினேன். 50 மி.மீ. இறக்கினால் படத்தில் இன்னும் அழகுதான். ஆனால் ராயக்கோட்டை பக்கம் ஊருக்கு ஊர் இருக்கும் வேகத்தடைகளை நினைத்து 30-இலேயே நின்றுகொண்டேன். 90,000 கி.மீ. ஓடிய ஷாக் அப்சார்பர்கள் நான்கையும், அவற்றின் மேல் முனையைத் தாங்கும் டாப் மவுன்ட், பேரிங், அடியில் இடிக்காமல் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப் எல்லாவற்றையும் சேர்த்தே புதிதாக வாங்கினேன். எப்படியும் கழற்றத்தான் போகிறோம், கூலியை இரண்டு முறை கொடுப்பானேன்?

வேலை ஓசூரில் நடந்தது. அந்த மெக்கானிக் அண்ணன் முதலில் டேப்பை எடுத்து, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்தார். டயர் தேய்ந்தாலும் காற்று குறைந்தாலும் மாறாத அளவு அதுதான் என்றார். முன்னால் 385, பின்னால் 380 மி.மீ.

முன்பக்கம்தான் வேலை அதிகம். ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு), ஏபிஎஸ் வயர், பிரேக் ஹோஸ் எல்லாவற்றையும் விடுவித்து, ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டை வெளியே எடுக்க வேண்டும். பிறகு ஸ்பிரிங்கை கம்ப்ரஸரில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மேல் நட்டைக் கழற்ற வேண்டும். அழுத்திய ஸ்பிரிங் நழுவினால் உயிருக்கே ஆபத்து, வீட்டில் செய்கிற வேலை இல்லை. பின்பக்கம் சுலபம். ஷாக்கின் கீழ் போல்ட்டுகளைக் கழற்றி, பின்சக்கரங்களை இணைக்கும் டார்ஷன் பீமை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும்.

புஷ் (இணைப்பில் இருக்கும் ரப்பர் உருளை) உள்ள போல்ட்டுகளை லிஃப்ட்டில் வைத்தே இறுக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். அண்ணன் தடுத்தார். "தம்பி, வண்டி எடை சக்கரத்துல விழட்டும், அப்புறம் டைட் பண்ணலாம்." சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி கீழே வந்ததும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும், உயரமும் சரியாக இறங்காது. இந்த ஒரு விஷயத்துக்காகவே அவரிடம் போனது நல்லதாயிற்று.

அன்று மாலை முன்னால் 362 தான் வந்தது. எனக்கு ஏமாற்றம். புது ஸ்பிரிங் உட்கார நாளாகும், பொறு என்றார் அண்ணன். 800 கி.மீ. கழித்து முன்னால் 354, பின்னால் 352. இப்போது இரண்டு விரல்தான் நுழைகிறது. சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டை, ஸ்பிரிங் மாட்டிய அன்று ஒருமுறை, 800 கி.மீ. தாண்டி மறுமுறை செய்தேன். வண்டியை இறக்கும்போது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம்) மாறுகிறது, முன்பக்க கேம்பரும் (சக்கரத்தின் மேல்பக்கச் சாய்வு) கொஞ்சம் உள்ளே சாய்கிறது. அப்படியே விட்டால் டயரின் உள்பக்கம் தேய்ந்துபோகும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிவுச் சான்றில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. ஸ்பிரிங் வாங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

தொப்பூரில் திரும்பவும் இறங்கிப் பார்த்தேன். வண்டி சாலையைப் பிடித்துக்கொண்டே இறங்கியது. ஐந்து பேர் ஏறினால் மட்டும் எங்கள் தெருமுனை வேகத்தடையில் அடிப்பக்கம் உரசுகிறது. அங்கே அம்மாவும் தங்கையும் இறங்கி நடந்து வந்துவிடுகிறார்கள்.