பழைய பாணி 1911 பிஸ்டல் வாங்கிய அனுபவம்: பெயர் தடுத்தது, மேகசின் தடுத்தது

பிஸ்டல் கைக்கு வந்துவிட்டது, இப்போது ஒழுங்காகவும் சுடுகிறது. ஆனால் கடைக் கவுண்டரில் பட்ட எரிச்சல் இன்னும் முழுதாக அடங்கவில்லை. அமெரிக்காவில் கிரீன் கார்டோடு இருக்கும் நம் ஆட்கள் பலர் 1911 பற்றி விசாரிப்பதால் எழுதுகிறேன். எச்-1பி போன்ற தற்காலிக விசாக்காரர்களுக்கு, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் தவிர, ஃபெடரல் சட்டமே தடை போடுகிறது. அதற்கு மேல் மாநிலச் சட்டம் தனி. சில மாநிலங்களில் பெர்மிட், காத்திருப்பு நாட்கள் எல்லாம் உண்டு, முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மாடல் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஜான் பிரௌனிங் வடிவமைத்து, 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டு, 1985-இல் பெரெட்டாவைத் தேர்ந்தெடுக்கும்வரை வைத்திருந்த .45 பிஸ்டல். அதன் பழைய தோற்றம் அப்படியே வேண்டும்: குறிபார்க்கச் சின்ன சைட், 5 அங்குல பேரல் (குழல்), 7 தோட்டா மேகசின் (தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் பெட்டி). காப்புரிமை எப்போதோ முடிந்துபோன டிசைன் என்பதால் பிலிப்பைன்ஸிலும் துருக்கியிலும் செய்து 500 டாலருக்குள் விற்கிறார்கள். இணையத்தில் ஆர்டர் போட்டேன். லைசென்ஸ் உள்ள டீலர் கடைக்கு வந்து சேர்ந்தது. அதுவரை ஒரு சிக்கலும் இல்லை.

கடைக்குப் போகுமுன் போன் செய்து என்னென்ன கொண்டு வர வேண்டும் என்று கேட்டேன். என் டிரைவிங் லைசென்ஸில் பழைய அபார்ட்மென்ட் முகவரி. முகவரி மாற்றத்தை மோட்டார் வாகன அலுவலகத்தில் பதிந்தாயிற்று, அவர்கள் புது கார்டு அச்சடித்துத் தரவில்லை. போனில் பேசியவர் கரண்ட் பில் போதும் என்றார். பில்லோடு போனால் கவுண்டரில் இருந்த இன்னொருவர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தனியார் கம்பெனி பில் செல்லாதாம். இப்போதைய முகவரி இருக்கிற, அரசாங்கம் கொடுத்த காகிதம்தான் வேண்டுமாம். விதி அதுதான், அவர் சொன்னதில் தப்பில்லை. அதே கடையில் போன் எடுத்தவருக்கு அது தெரியாமல் போனதுதான் கோபம். வேலைக்கு லீவு போட்டு, நெடுஞ்சாலையில் அவ்வளவு தூரம் ஓட்டிப் போய், வெறுங்கையோடு திரும்பினேன். லைசென்ஸில் முகவரி பழையது என்றால் கார் ரெஜிஸ்ட்ரேஷனைப் புது முகவரிக்கு மாற்றி அதை எடுத்துப் போங்கள். எனக்குக் கடைசியில் வழி விட்டது அதுதான்.

அடுத்தது பெயர். நம்மில் பலர் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள். அதனால் விசாவில் முழுப்பெயரும் குடும்பப்பெயராகிவிடும், முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியாது) என்று விழும். என் கிரீன் கார்டில் அப்படித்தான். லைசென்ஸிலோ என் பெயர் முதலாவதாகவும் அப்பா பெயர் கடைசியாகவும் பிரிந்து நிற்கிறது. கவுண்டர்காரர் இரண்டு கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவர்கள் இரண்டு வேறு ஆட்கள் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். பிறந்த தேதி ஒன்று, முகம் ஒன்று என்று சொல்லியும் அசையவில்லை. என்னை நகரச் சொல்லிவிட்டு வரிசையில் அடுத்தவரை அழைத்தபோது சுர்ரென்றது. கடை மேனேஜரிடம் பேச வேண்டும் என்று நான் அங்கேயே நின்றேன். அவர் வந்து இரண்டு கார்டையும் பொறுமையாகப் படித்தார். துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 என்ற ஃபெடரல் படிவத்தில் லைசென்ஸில் உள்ளபடியே பெயர் எழுதச் சொன்னார், கிரீன் கார்டில் உள்ள குடியேற்றப் பதிவு எண்ணான ஏ-நம்பரை அதற்குரிய கட்டத்தில் எழுதச் சொன்னார். விஷயம் முடிந்தது. முடிந்தால் இரண்டு அட்டையிலும் பெயரை ஒன்றுபோல் ஆக்கிவிட்டே போங்கள். எல்லாக் கடையிலும் அப்படி ஒரு மேனேஜர் கிடைக்கமாட்டார்.

அதே 4473 படிவத்தில் இன்னொரு நுணுக்கம். நடுப்பெயர் இல்லாதவர் அந்தக் கட்டத்தில் 'என்எம்என்' (நடுப்பெயர் இல்லை) என்று எழுத வேண்டும். வெறும் இனிஷியல்தான் என்றால் எழுத்துக்குப் பின்னால் 'ஐஓ' (இனிஷியல் மட்டும்). கட்டத்தைச் சும்மா விட்டால் படிவம் திரும்பி வரும். சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கட்டாயமில்லை, ஆனாலும் எழுதிவிடுங்கள். உங்கள் பெயரில் வேறு யாராவது இருந்தால் குழப்பம் குறையும். நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்கிக்கொடுக்கிற எண்ணம் மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஃபெடரல் குற்றம், கிரீன் கார்டே போய்விடலாம்.

துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைப் பார்க்க எஃப்பிஐ நடத்தும் நிக்ஸ் சோதனையில் எனக்கு வந்த பதில் 'டிலேட்' (தாமதம்). பயந்துவிட வேண்டாம், அது மறுப்பு இல்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்குக் குடியேற்றப் பதிவுகளையும் சேர்த்துத் தேடுவார்கள், அதனால் இழுக்கும். மூன்று வேலை நாட்கள் கடந்தும் பதில் வராவிட்டால் ஃபெடரல் சட்டப்படி டீலர் கொடுக்கலாம், கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. என் கடை தெளிவான 'ப்ரொசீட்' (கொடுக்கலாம்) வராமல் தரமாட்டோம் என்றது. சோதனைக்கு 30 நாள்தான் ஆயுள், தாண்டினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கவலையிலேயே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ப்ரொசீட் வந்த மாலை வீட்டில் பாயசம் வைக்காத குறைதான். ஒவ்வொரு முறையும் இப்படி இழுக்கிறது என்பவர்கள் எஃப்பிஐயிடம் கைரேகையோடு விண்ணப்பித்து, அடுத்த சோதனைகளில் ஆளை அடையாளம் காட்டும் யூபின் நம்பர் வாங்கலாம். நானும் விண்ணப்பித்திருக்கிறேன்.

கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகு பெரும்பாலான கடைகள் திரும்ப எடுக்காது, குறை எதுவானாலும் கம்பெனிக்கு அனுப்பச் சொல்லும். அதனால் கவுண்டரிலேயே பாருங்கள். தோட்டா உட்காரும் அறையான சேம்பர் காலி என்று உறுதிசெய்து, அனுமதி கேட்டு, சேஃப்டி (சுடாமல் தடுக்கும் பூட்டு) போட்டு ட்ரிக்கரை அழுத்துங்கள், ஹேமர் (பின்னால் உள்ள சின்னச் சுத்தியல்) விழக்கூடாது. சேஃப்டியை எடுத்துவிட்டு, பின்னால் உள்ள கிரிப் சேஃப்டியை உள்ளங்கை அழுத்தாதபடி பிடித்தும் அழுத்துங்கள், அப்போதும் விழக்கூடாது. பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம்.

பெட்டியிலிருந்து வருவது துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய பிசுக்கோடு வரும். கழற்றித் துடைத்து எண்ணெய் விட்ட பிறகுதான் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போக வேண்டும். கழற்றும்போது கண்ணாடி அணியுங்கள். ரீகாயில் ஸ்பிரிங்கின் (சுட்டதும் மேல்பகுதியைத் திரும்ப முன்னால் தள்ளும் சுருள்வில்) மூடி கை நழுவினால் முகத்துக்கே பாயும். மாட்டும்போது, ஸ்லைடை (சுடும்போது பின்னால் போய் வரும் மேல்பகுதி) நிறுத்திப் பிடிக்கும் ஸ்லைடு ஸ்டாப்பை வளைத்துத் தள்ளினால் பிரேமில் (கைப்பிடியோடு உள்ள அடிப்பாகம்) நிரந்தரக் கீறல் விழும், நேராக உள்ளே தள்ளுங்கள். ஸ்லைடு தண்டவாளம், பேரலின் வெளிப்புறம், பேரல் முனையைச் சுற்றிப் பிடிக்கும் புஷிங் மூன்றிலும் புதுசுக்கு எண்ணெய் தாராளமாகவே இருக்கட்டும்.

230 கிரெயின் (தோட்டா எடையின் அளவு) ஹார்ட்பால், அதாவது உலோகம் போர்த்திய உருண்டை மூக்குத் தோட்டாவோடு ரேஞ்சில் ஆரம்பித்தேன். இரண்டு விதக் கோளாறு வந்தது. ஒன்று, ஸ்லைடு முழுதாக மூடாமல் கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டரில் நிற்பது. புது இரும்பின் இறுக்கம் அது. சுடச் சுட, எண்ணெய் விட விட, தானாகவே போய்விட்டது. இன்னொன்று போகவே இல்லை: தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு பேரலின் பின்வாயில் குறுக்கே சிக்குவது. ரேஞ்ச் அதிகாரி வந்து என் மணிக்கட்டு தளர்வாக இருப்பதால்தான் சிக்குகிறது என்று சொல்லிவிட்டுப் போனார், துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து லேனில் பல வருடமாக .45 சுடுகிற பெரியவர் ஒருவர் வாங்கிச் சுட்டார். அவருக்கும் சிக்கியது. மணிக்கட்டுப் பேச்சு அத்தோடு முடிந்தது.

கடையில் கேட்டால், தோட்டா ஏறிப் பேரலுக்குள் போகும் சரிவான ஃபீட் ரேம்ப்பை மெஷின் வைத்துத் தேய்த்துத் தருகிறோம் என்றார்கள், அதற்குத் தனிக் காசு. ஒத்துக்கொள்ளாதீர்கள். பிரேமில் உள்ள சரிவுக்கும் பேரலின் சரிவுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சின்னப் படி இருக்க வேண்டும். அதைக் கோளாறு என்று நினைத்துச் சமப்படுத்தினாலோ சரிவின் கோணம் மாறினாலோ பேரலும் பிரேமும் பாழ், வாரண்டியும் போகும். 1911 சிக்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மேகசினைத்தான்.

கூடவே இரண்டு மேகசின் தனியாக வாங்கியிருந்தேன், இத்தாலியின் மெக்-கார் செய்தவை. எல்லாவற்றிலும் மார்க்கரால் எண் போட்டு, எப்போது சிக்கினாலும் எந்த மேகசின், எத்தனையாவது தோட்டா என்று எழுதிக்கொண்டே வந்தேன். காகிதம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மூக்குத் தூக்கல் எல்லாமே பெட்டியோடு வந்த மேகசினில். மற்ற இரண்டிலும் ஒன்றுகூட இல்லை. அதை ஓரம் கட்டினேன், பிரச்சினை தீர்ந்தது. இரும்பைத் தொடாமல், ஒரு மார்க்கரும் ஒரு தாளும் வைத்துக் கண்டுபிடித்ததில் எனக்கு நிஜமாகவே பெருமை.

மேகசின் மாற்றியும் சிக்கினால், சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரைப் பாருங்கள். ஸ்லைடைத் தனியாகக் கழற்றி, டம்மி தோட்டாவின் விளிம்பை அதன் கொக்கிக்கு அடியில் நுழைத்து மெல்ல ஆட்டினால் விழாமல் நிற்க வேண்டும். அந்தப் பிடி தளராமல் இருக்க, சேம்பரில் கையால் தோட்டா போட்டு ஸ்லைடை மூடாதீர்கள், எப்போதும் மேகசின் வழியாகவே ஏற்றுங்கள். காலி சேம்பரில் ஸ்லைடைப் படாரென்று விடுவதும் வேண்டாம், ஹேமரைப் பிடித்து நிறுத்தும் சியருக்குக் கெடுதல்.

பழைய பாணிக்கு ஒரு விலை உண்டு. கைப்பிடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பின்வால் குட்டை என்பதால் ஹேமர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கடிக்கும். கை பெரிதாக உள்ளவர்கள் வாங்குமுன் வாடகைக்கு ஒன்றைச் சுட்டுப் பாருங்கள். நான் ஒட்டுப்பட்டை போட்டுக்கொண்டு சுடுகிறேன், தோற்றத்துக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மூக்கில் குழி உள்ள ஹாலோ பாயின்ட் தோட்டா போட நினைப்பவர்கள் அதையும் தனியாகச் சுட்டுப் பார்த்துவிட்டே நம்புங்கள், இந்த டிசைனின் சரிவு உருண்டை மூக்குத் தோட்டாவுக்காக வந்தது. எனக்கு ரேஞ்ச் மட்டும்தான், ஹார்ட்பாலோடு நிறுத்திக்கொண்டேன். 16 பவுண்டு ரீகாயில் ஸ்பிரிங் ஒன்று மட்டும் கூடுதலாக வாங்கிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.