நாகேஷ் சொன்ன கதையும் பாலையா கேட்ட விதமும்

எனக்கு மிகவும் பிடித்த படம் எது என்று யார் கேட்டாலும், 1964ஆம் ஆண்டு ஸ்ரீதர் இயக்கத்தில் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ என்றே சொல்வேன். அதிலும் ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ செல்லப்பாவாக வரும் நாகேஷ், தம் தந்தையாக நடித்த பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சிக்காகவே அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பின்னணி ஓசைகளையெல்லாம் நாகேஷ் தம் வாயாலேயே எழுப்பிக்கொண்டு போக, கதை கேட்க உட்கார்ந்தவர் மெல்ல மெல்ல மிரண்டு, அந்தப் பெரிய உடம்போடு இருக்கையிலேயே ஒடுங்கிப்போகிறார். எல்லோரும் நாகேஷைத்தான் புகழ்வார்கள். எனக்கென்னவோ, அதிகம் பேசாமல் கண்களாலேயே பயந்து காட்டும் பாலையாவுக்குத்தான் பாதிக்கு மேல் பங்கு உண்டு என்று தோன்றும்.

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) படமும் எனக்கு நெருக்கமானதுதான். ஆனால், ஆற்றங்கரையில் அந்த இரண்டு குழந்தைகளும் தனித்து நிற்கும் முடிவைப் பார்த்துவிட்டால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வராது என்பதால், அதை மறுநாள் விடுமுறையாக இருந்தால் மட்டுமே பார்க்கிறேன். பாலையாவுக்கு அப்படி நாள் பார்ப்பதில்லை, நேற்றிரவும் பார்த்தேன்.