பெயருக்குக் கீழே

1977 மலேசியக் கிண்ணக் கால்பந்து இறுதியாட்டத்தைச் சிங்கப்பூரின் காலாங் அரங்கில் உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்ன பலரை அந்தச் சில மாதங்களில் சந்தித்தேன். ஆட்டம் நடந்தது கோலாலம்பூரில், மெர்டேக்கா அரங்கில், மே 28ஆம் தேதி. கூடுதல் நேரத்தில் பினாங்கை 3-2 என்று சிங்கப்பூர் வென்றது. தவறாகச் சொன்னவர்கள் யாரையும் நான் திருத்தவில்லை. "ஓ, அப்படியா" என்று கேட்டுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். ஒருவரிடம் மட்டும் நிறுத்திக் கேட்டேன். ஏன் அவரிடம் மட்டும் என்பதற்கு ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு பதில் வைத்திருந்தேன். எதுவும் நிலைக்கவில்லை.

2007இல் காலாங்கில் இருந்த தேசிய விளையாட்டரங்கத்தை மூடப்போகிறார்கள் என்றானதும் பழைய ரசிகர்களின் நினைவுகளைத் திரட்டும் வேலை அது. தமிழ்ப் பேட்டிகள் என் பொறுப்பு. பேசவைக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும், எழுத்தில் இறக்க வேண்டும், அதிலிருந்து நாலு வரியைக் கண்காட்சிப் பலகைக்கு எடுத்துக்கொடுக்க வேண்டும். வேலையில் சேர்ந்த அன்றே மேலாளர் இரண்டு விஷயம் சொன்னார். பேசுகிறவரை மறிக்காதீர்கள். பலகையில் தப்பான தகவல் வரவே கூடாது. இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றியிருக்காது.

ரசிகர்கள் ஏன் குழம்பினார்கள் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. 1975 முதல் 1981 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து சிங்கப்பூர் இறுதியாட்டத்துக்குப் போனது. ஏழும் கோலாலம்பூரில்தான். அதில் ஜெயித்தது 77இலும் 80இலும். அப்புறம் 94இல் பகாங்கை 4-0 என்று அடித்தது ஷா ஆலமில். அரங்கத்துக் கூட்டத்தின் முழக்கத்தைக் காலாங் கர்ஜனை என்று நாம் மார்தட்டிக்கொள்கிற காலம் முழுக்க, கிண்ணத்தை வென்ற ஆட்டம் ஒன்றுகூடக் காலாங்கில் நடக்கவில்லை. ஆனால் ராஜகோபால் மூலையிலிருந்து வளைத்து அடித்த பந்துகளும், சமத் அல்லாபிச்சை தடுப்பில் நின்ற தோரணையும், டோலா காசிம் இடுப்பை ஆட்டி ஆளை ஏமாற்றியதும், நடுவரைப் பார்த்து "காயு! காயு!" (மலாயில் மரக்கட்டை) என்று ஊரே கத்தியதும் காலாங்கில்தான். ஜாலான் புசாரில் நடந்துகொண்டிருந்த ஆட்டங்களைப் பெரிய அரங்குக்குக் கொண்டுபோனவர் கால்பந்துச் சங்கத்தில் இருந்த நம்ம கணேசன் என்று தமிழ்க்காரர்கள் எல்லோரும் என்னிடம் தவறாமல் சொன்னார்கள். இவ்வளவும் காலாங்கில் இருக்கும்போது கிண்ணத்தை மட்டும் வேறு ஊரில் வைத்திருக்க மனசு ஒப்பவில்லை போல. இதைப் பொய் என்று நான் அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை.

அப்படியிருக்க, ஏன் கேட்டேன்?

அவர் நன்றாகப் பேசினார் என்பது ஒரு காரணம். எழுபதைத் தாண்டியவர். அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் சாப்பாட்டு மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். மகன் கொஞ்சம் தள்ளி நாற்காலியில், கையைக் கட்டிக்கொண்டு. பெரியவர் மேசையில் இருந்த மைலோ டின்னை இழுத்துக் கோல் கம்பமாக்கினார். மாத்திரை டப்பாதான் பினாங்கின் தற்காப்பு ஆட்டக்காரர். உப்புச் சாடி சிங்கப்பூர் ஆட்டக்காரர் குவா கிம் சோங்.

"எகிறுறான்மா. மத்தவன்லாம் கீழ வந்துட்டான், இவன் இன்னும் மேலயே நிக்கிறான். தலையால ஒரே தட்டு. நான் இந்தா, இங்க இருக்கேன்" என்று மைலோ டின்னுக்குப் பின்னால், சற்று இடது பக்கமாக, மேசையின் விளிம்பைத் தொட்டுக் காட்டினார்.

இதைத்தான் பலகையில் போடவேண்டும் என்று அந்த நொடியே முடிவுசெய்துவிட்டேன். போடுவதென்றால் சரிபார்க்க வேண்டும். மற்றவர்களிடம் நான் பெருந்தன்மையாக இருந்ததெல்லாம் அவர்கள் பேச்சு பலகைக்கு வராது என்று தெரிந்ததால்தானோ என்னவோ.

"இது இறுதியாட்டத்திலயா அங்கிள்?"

"ஆமா, ஃபைனல்ல. எக்ஸ்ட்ரா டைம் போச்சே, அதே ஆட்டம்."

"அது மெர்டேக்காவுல நடந்துச்சுல்ல? கேஎல் போயிருந்தீங்களா?"

நான் கேட்டது இவ்வளவுதான். பதிவைப் போட்டுக் கேட்டிருக்கிறேன், குரலில் குத்தல் இல்லை. கேஎல் போயிருந்தீர்களா என்று அவருக்கு ஒரு வழியும் விட்டுத்தான் கேட்டேன். ஆமாம் என்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். பாலம் தாண்டி, கிடைத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்ப் பார்த்தவர்கள் உண்டுதானே. அவர் ஆமாம் சொல்லவில்லை. உப்புச் சாடியை எடுத்துப் பழையபடி சுவரோரம் வைத்தார்.

"அப்போ நான் எங்கம்மா இருந்தேன்?"

என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா என்று பதிவை வைத்துச் சொல்ல முடியவில்லை. பதில் வந்தது மகனிடமிருந்து. "அப்பா ஸ்டேடியத்துக்கு உள்ள போனதே இல்லைங்க. வெளியில கச்சாங் பூத்தே வித்தாரு, காகிதக் கூம்புல போட்ட கடலை. மேட்ச் இருந்தா அங்க, இல்லாட்டி சினிமாக் கொட்டகை வாசல்ல."

அதை மகன் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தகவல் சரியாக இருக்கவேண்டும் என்று நான் காட்டிய அக்கறையைத்தான் அவரும் காட்டினார். அதுதான் சங்கடம்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பதிவுக் கருவியை நிறுத்தலாமா என்று யோசித்தேன். அப்போது பெரியவர், சற்றுக் கோபமாகவே, ஆரம்பித்தார்.

"வெளியில நின்னாத் தெரியாதா? நம்மாளு கோல் போட்டா ஒரு சத்தம் வரும் பாரு, அது காதுல கேக்காது, கால்ல கேக்கும். உள்ள அத்தன பேரும் பலகையில மிதிப்பான். கம்பத்துல பட்டுத் திரும்புனா அது வேற, ஊன்னு ஏறி அப்படியே இறங்கிடும். அவன் கோல் போட்டா சத்தமே இருக்காது. அப்போ நான் காகிதத்தச் சுருட்ட ஆரம்பிச்சிருவேன்."

ஏன் என்று கேட்டேன். "வெறுத்துப்போய் சீக்கிரம் கெளம்பி வர்றவன்தான் கச்சாங் வாங்குவான். பஸ்ஸுக்கு நிக்கணும்ல. ஜெயிச்சா ஒருத்தனும் நிக்கமாட்டான், கத்திக்கிட்டே போயிருவான். சிங்கப்பூர் தோத்தாதான் எனக்கு யாவாரம். அதுக்காகத் தோக்கணும்னு வேண்டிக்க முடியுமா?" என்று சொல்லிச் சிரித்தார். பழைய டெலிபோன் புத்தகத் தாளைக் கூம்பாகச் சுருட்டி அடியை மடிக்கிற விதத்தை, என் குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்துச் செய்தும் காட்டினார். கண்ணால் பார்க்காமலே விரல் செய்தது.

அந்த வேலையில் எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல பேச்சு இதுதான். டோலாவைப் பற்றியும் கோச் சூ செங் குவீயைப் பற்றியும் எத்தனையோ பேர் பேசினார்கள். யாரைக் கேட்டாலும் ஏறத்தாழ அதையேதான் சொல்வார்கள். அரங்கத்தின் சத்தத்தை வெளியிலிருந்து, வாங்குகிற ஆளை எண்ணிக் கேட்டவர் இவர் ஒருவர்தான். நான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் போயிருந்தால் இது கிடைத்திருக்காது. கிம் சோங்கின் கோலோடு பேட்டி முடிந்து, நான் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பேன். என் பக்கத்து நியாயம் இது. இன்றைக்கும் இதில் பெரிய ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அலுவலகத்தில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. பேச்சிலிருந்து சத்தத்தைப் பற்றிய பகுதியை மட்டும் எடுத்தோம். பெயருக்குக் கீழே ஒரு வரி வேண்டும். நான் "ரசிகர்" என்று எழுதிக் கொடுத்திருந்தேன். மேலாளர் அதை அடித்துவிட்டு "அரங்கத்துக்கு வெளியே கச்சாங் பூத்தே விற்றவர்" என்று எழுதினார்.

"ரசிகரா பேச வந்தவரு சார்" என்றேன்.

"பலகை முழுக்க ரசிகருங்கதான். அபூர்வமா ஒருத்தர் கிடைச்சிருக்காரு, அவரையும் ரசிகர்னு போட்டா எப்படி? அதோட, உள்ள போகாதவர ரசிகர்னு போட்டா யாராச்சும் கேக்கமாட்டாங்களா? நீங்கதானே மெர்டேக்கா விஷயத்தப் புடிச்சீங்க?"

கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் எழுதிய வரியில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. எந்த விதியை வைத்து நான் பெரியவரை நிறுத்தினேனோ அதே விதியைத்தான் அவர் நீட்டித்திருக்கிறார். சரி என்று விட்டுவிட்டேன். இன்னும் கொஞ்சம் வாதாடியிருக்கலாமா என்றால், இருக்கலாம். வாதாடி ஜெயித்திருந்தால் அந்தப் பலகை மொட்டையாக இருந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். சத்தத்தை வெளியிலிருந்து கேட்டதாக ஒருவர் சொல்கிறார், கீழே "ரசிகர்" என்று இருக்கிறது. வாசிக்கிறவருக்கு என்ன புரியும்?

கண்காட்சி திறந்த பிறகு மகன் தொலைபேசியில் கூப்பிட்டார். அப்பாவைக் கூட்டிவந்து காட்டினாராம். அப்பா ஒன்றும் சொல்லவில்லையாம். "ரசிகரா பேசுறதுக்குத்தான கூப்பிட்டீங்க? கடைசியில கச்சாங்காரரா நிப்பாட்டிட்டீங்களே" என்றார். உள்ளே போனதே இல்லை என்று சொன்னது நீங்கள்தானே என்று நாக்கு நுனி வரை வந்தது. மேலே சொல்லிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். சொன்னேன். மாற்றவில்லை. ஜூன் 30ஆம் தேதி ஆஸ்திரேலியாவிடம் 3-0 என்று சிங்கப்பூர் தோற்றது, அதோடு அரங்கமும் மூடப்பட்டது. பலகைகளையும் எடுத்துவிட்டார்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அவர் உள்ளே போனதே இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்? மகன் சொன்னார், அவ்வளவுதான். 77இல் அவர் சிறு பையன். அப்பா வேலைக்குப் போன இடத்தில் என்ன செய்தார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆட்டம் முடிகிற நேரத்தில், வாசலில் நின்றவர் ஒரு கூம்புக் கடலைக்கு ஈடாக ஐந்து நிமிடம் உள்ளே விட்டிருக்கக்கூடாதா? கிம் சோங் காலாங்கில் எத்தனையோ கோல் போட்டவர், தலையால் முட்டுவதற்குப் பேர்போனவர். இறுதியாட்டம் இல்லாத ஏதோ ஓர் இரவில் அந்தக் கோலைப் பெரியவர் பார்த்திருக்கலாம். கோல் கம்பத்துக்குப் பின்னால், சற்று இடது பக்கம். சத்தத்தை மட்டும் கேட்டவருக்குத் தான் நின்ற மூலை அவ்வளவு திட்டமாகத் தெரியுமா?

பெரியவர் சொன்னதை உடனே சரிபார்த்தேன். மகன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன். பேட்டியை எழுதும்போதும், பலகைக்குக் கொடுக்கும்போதும், மேலாளரிடம் பேசும்போதும் அது எனக்கு உறுத்தவே இல்லை. கச்சாங் விற்றவர் உள்ளே போயிருக்க மாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் சட்டென்று பொருந்திவிட்டது. போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் மறுபடியும் ஆதாரம் கேட்பதாகத்தானே ஆகும் என்று போகவில்லை. இது நாகரிகமா சோம்பலா என்று எனக்கே தீர்மானமாகத் தெரியாது.

அதற்கப்புறமும் இதே மாதிரி வேலைகளைத்தான் செய்துவருகிறேன். பழைய திரையரங்குகள், சந்தைகள், ஒரு முறை ஒரு பேருந்து நிலையம். பேட்டி முடிந்ததும் உங்கள் பெயருக்குக் கீழே என்ன போடட்டும் என்று இப்போது நானே கேட்டுவிடுகிறேன். இதில் பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. காலாங்கைப் பற்றி மறுபடி ஒரு தொகுப்பு செய்தபோது, ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நிற்பதே வேலையாக இருந்த ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவரைக் கேட்டேன். "ரசிகர்னு போடுங்க" என்றார். குளிர்பானம் தூக்கி விற்றவரும் ரசிகர். முதலுதவிக் குழுவில் இருந்த அம்மாவும் ரசிகர். பட்டியலைப் பார்த்த புது மேலாளர், "அப்போ அங்க வேலை பார்த்தவங்கன்னு யாருமே இல்லையா?" என்று கேட்டார். எல்லாரும் அப்படித்தான் போடச் சொன்னார்கள் என்றேன். போலீஸ்காரரை மட்டுமாவது மாற்ற முடியுமா பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். இன்னும் அவரைக் கூப்பிடவில்லை.